வைதால் வளரும் குட்டி

சருகுக்கோம்பை மலையடிவாரத்தில் காட்டுப்பூனைகளை ஈனவைத்து வளர்க்கிற பண்ணை ஒன்று இருக்கிறது. அங்கே பிறந்த குட்டிகள் கொஞ்சினால் சுருங்கின, வைதால் வளர்ந்தன. இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள். எங்களுக்கு வாயைப் பிளக்க நேரமில்லை, ஏனென்றால் யார் எப்போது வந்து எந்தக் குட்டியின் முன்னால் யாரை வைவது என்கிற ஏற்பாட்டைக் கவனிக்கவே அந்த வருஷம் முழுக்க எங்களுக்குப் பொழுது சரியாக இருந்தது.

அந்தப் பூனைக்குப் பண்ணைப் பலகையில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருக்கிறது. நாங்கள் துருப்பூனை என்போம். மழையில் கிடந்த தகரத்தில் துரு பூக்கிற மாதிரி உடம்பெல்லாம் புள்ளி, நெற்றியில் நாலைந்து கோடு, வளர்ந்து முடிந்த பூனையையே ஒரு கையில் தூக்கிவிடலாம். மலையில் கல் உடைக்கப் போன லாரிகளும், எங்கள் ஊரிலிருந்து ஓடிப்போய்க் காட்டில் பெருத்துப்போன நாய்களும் சேர்ந்து அந்த இனத்தை அற்றுப்போகிற இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டதால், மிச்சமிருந்ததில் ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் பிடித்துவந்து கம்பிவலைக்குள் வைத்து, குட்டி போடவைத்து, குட்டி தானாக எலி பிடிக்கிற அளவுக்கு வளர்ந்ததும் மறுபடி மலையில் கொண்டுபோய் விடுவது பண்ணையின் வேலை. குட்டியிடம் மனிதர் பிரியம் காட்டக் கூடாது என்பது பண்ணையின் முதல் சட்டம், ஏனென்றால் மனிதரை நம்புகிற பூனை காட்டில் பிழைக்காது. சட்டம் சுவரில் இருந்தது. குட்டி தவசியின் மடியில் இருந்தது.

தவசி பூனைகளைப் பார்த்துக்கொள்கிறவன். தாய்ப்பூனை மூன்று குட்டிகளைப் போட்டுவிட்டு, கூண்டின் மேல் உள்ள வெறுப்பில் பால் கொடுக்காமல் மரப்பெட்டிக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டதால், அவன்தான் சொட்டு மருந்துக் குழாயில் பால் விட்டு அவற்றை உயிரோடு வைத்திருந்தான். அவன் என் தங்கை பஞ்சவர்ணத்தின் புருஷன். நான் வீரணன், பண்ணை வாசலுக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் அவனுக்கும் பேச்சு கிடையாது. அவன் மகள் காதுகுத்தில், தாய்மாமன் என் மடியில் உட்கார வேண்டிய பிள்ளையை வேறொருவன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினான். அந்தப் பிள்ளை வளர்ந்து, படித்து, திருப்பூரில் வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும் நான் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, அவன் மேல் உள்ள கோபத்தில் தங்கையோடும் பேசியதில்லை. அவனுடைய டிவிஎஸ் வண்டி பஞ்சரானால் என் கடை வாசலில் இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு, அடுத்த ஊர்வரை உருட்டிக்கொண்டு போவான். போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் காட்சிக்காகவே மத்தியானம் சாப்பிடப் போகாமல் இருந்திருக்கிறேன்.

குட்டிகள் கண் திறந்த செய்தி பரவியதும் ஊர் முழுக்க வேலிக்கு வந்தது. பெண்கள் என் பட்டே என்றார்கள், என் ராசாத்தி என்றார்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் கம்பிக்குள் விரலை விட்டு ச்சூ ச்சூ என்றன, வயசான ஆண்கள்கூட நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் எழுப்பினார்கள். ஒவ்வொரு கொஞ்சலுக்கும் குட்டிகள் கொஞ்சம் உள்வாங்கின. அணில் அளவுக்கு இருந்தவை எலியளவு ஆயின, எலியளவு எலுமிச்சை அளவு ஆயிற்று. பண்ணைக்கு வைத்தியம் பார்க்கிற ஜெசிந்தா டாக்டரம்மா பாலைக் கூட்டினார், தராசை மாற்றினார், தராசு சரியாகத்தான் இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தது கீரைக்காரி மாயக்காள்தான், அதுவும் கண்டுபிடிக்க வேண்டும் என்று வந்தவளில்லை. கூடையை வேலியோரம் இறக்கி வைத்துவிட்டு, பூனைப் பக்கம் திரும்பாமலேயே, கைப்பேசியில் தன் புருஷனைப் பிடித்து, வைக்கோலுக்குக் காவல் இருக்கச் சொன்னால் வைக்கோல் மேலேயே பீடியோடு தூங்கிய மனுசன் நீ ஒருத்தன்தான்யா என்று ஆரம்பித்து, அவன் பிறந்த நேரம், அவனைப் பெண் பார்க்க அழைத்துவந்த சித்தப்பன், அந்தச் சித்தப்பனுக்குச் சோறு போட்ட தன் புத்தி என்று வரிசையாக வைதுகொண்டே போனாள். அவள் போனை வைத்தபோது அவளுக்குப் பக்கத்துக் கூண்டில் இருந்த குட்டி இரண்டு விரற்கடை வளர்ந்து, வாலைப் புடைத்துக்கொண்டு நின்றது.

"யம்மா, இன்னொருக்காப் போன் போடு," என்றார் டாக்டரம்மா.

"காசு தீந்துபோச்சு. ஆளு வீட்டுலதான் இருக்கான், கூட்டிட்டு வரவா?"

அதிலிருந்து அது ஊர்ப்பொது வேலையாயிற்று. காலையில் மாமியார் மருமகள், வெயில் ஏறியதும் பங்காளிகள், பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளைகள் என்று டாக்டரம்மா முறை பிரித்தார். வேலியோரம் வேப்ப நிழலில் கல்பெஞ்சு போட்டார்கள். வைகிறவர் வந்து உட்காருவார், வையப்படுகிறவர் எதிரே உட்காருவார், இடையில் கம்பிவலை, வலைக்குப் பின்னால் குட்டி. கோபம் நிஜமாக இருக்க வேண்டும். நாடகத்தில் எமன் வேஷம் கட்டுகிற சோலைமலை மீசையை முறுக்கிக்கொண்டு வந்து, பண்ணைத் தகரக் கூரை அதிர வசனம் பேசினார். குட்டி கொட்டாவி விட்டு ஒரு விரற்கடை சுருங்கியது. "உள்ளுக்குள்ள நீங்க அதக் கொஞ்சுறீங்கண்ணே," என்று டாக்டரம்மா அவரை அனுப்பிவைத்தார். வெளியே வந்த சோலைமலை, போன வருஷத் திருவிழாவில் தன்னை அமர்த்தாத கமிட்டிக்காரனை வாசலில் பார்த்து மெல்லிய குரலில் நாலு வார்த்தை சொன்னார், உள்ளே குட்டி கிடுகிடுவென்று வளர்ந்தது.

ஆளாளுக்குப் பெருமை பிடித்தது. என் கொழுந்தியா மேல உள்ள கோவத்துல முக்கா விரக்கட ஏறுச்சு என்று ஒருத்தி சொன்னால், எங்க வாய்க்காத் தகராறுக்கு நெத்திக்கோடே விழுந்துச்சு தெரியுமா என்று இன்னொருத்தி சொல்லுவாள். ஆனால் வேலியில் இறக்கிவைத்த கோபம் திரும்ப வீட்டுக்கு வரவில்லை, அதை முதலில் யாரும் கவனிக்கவில்லை. வைதவரும் வையப்பட்டவரும் ஒன்றாகவே எழுந்து, ஒன்றாகவே டீ குடித்துவிட்டுப் போனார்கள். நாள் போகப் போகப் பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு ஆள் வரவில்லை. வாய்க்கால் தண்ணீர் தானாகப் பிரிந்து போயிற்று. டீக்கடையில் எதற்கும் எல்லாரும் ஆமாம் என்று சொன்னதால் பேச்சு வளராமல், வந்தவர்கள் ஒரே டீயோடு எழுந்து போனார்கள். குழாயடியில் பெண்கள் ஒருவருக்கொருவர் நீ பிடி, நீ பிடி என்று குடத்தை நகர்த்தி, தண்ணீர் நிற்கும்வரை யாரும் பிடிக்காமலே போன நாளும் உண்டு. இந்தச் சனியன் பிடித்த சமாதானம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் மட்டும் வேலிக்குப் போகவில்லை.

இரண்டு குட்டிகள் நன்றாக வளர்ந்து, மனிதரைக் கண்டால் சீறி, எலியைக் கண்டால் பாய்ந்து, ஆவணியில் மலைக்குப் போய்விட்டன. மூன்றாவது, பெட்டைக் குட்டி, போகவில்லை. ஊர் அதற்கு ஊட்டிய கோபத்தையெல்லாம் தவசி ஒரு பார்வையில் கரைத்துவிட்டான். அவன் அதைத் தொடவில்லை, கொஞ்சவில்லை; வாளியும் துடைப்பமுமாக அந்தக் கூண்டைக் கடந்து போவான், அவ்வளவுதான், அது அங்கேயே சுருங்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் அதை மலையில் விட வேண்டும், விடமுடியாவிட்டால் வடக்கே ஒரு பெரிய ஊர் மிருகசாலைக்கு அனுப்ப வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு வந்துவிட்டது. அதற்குள் ஊரில் கோபம் தீர்ந்துபோயிருந்தது.

அப்போதுதான் மாயக்காளும் சோலைமலையும் டாக்டரம்மாவும் என் கடைக்கு வந்தார்கள்.

"வீரணண்ணே," என்றாள் மாயக்காள், "நாங்க எல்லாரும் வத்திப்போய்ட்டோம். எங்க வீட்டு மனுசனப் பாத்தா இப்பச் சிரிப்புத்தான் வருது. ஒங்ககிட்ட ஒண்ணு கெடக்குல்ல."

"கெடக்கு."

"அதக் குடுங்களேன்."

"அது என்ன கீரக்கட்டா, கேட்டதும் எடுத்துக் குடுக்க?"

"ஊருலயே பழைய சரக்கு ஒங்ககிட்டதான் இருக்குண்ணே," என்றார் சோலைமலை. அதில் பொய்யில்லை என்பதால் நான் மறுக்கவில்லை.

டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஐயா, அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைப்பாங்க. தினம் சனம் கூட்டம் கூட்டமா வந்து கொஞ்சும். ஒரு வாரம் தாங்காது. கண்ணுக்குத் தெரியாமப் போயிரும்."

யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். யோசிக்க ஒன்றுமில்லை, கொடுப்பதாக இல்லை. என் பெண்சாதி போய்ச் சேர்ந்த பிறகும், மகன் பிழைப்புக்கு வெளியூர் போன பிறகும் என்னோடு ஒரே கூரைக்குக் கீழ் இருந்தது அது ஒன்றுதான். காலையில் கடையைத் திறக்க எனக்குத் தெம்பு கொடுத்தது அதுதான். அதை ஒரு பூனைக்குப் போட்டுவிட்டு நான் எதை வைத்துக்கொண்டு எழுந்திருப்பேன்?

மறுநாள் மத்தியானம் தவசி வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். வழக்கம்போல் குனிந்து கடந்து போகவில்லை, ஸ்டாண்டு போட்டான்.

"மச்சான்."

நான் தொட்டித் தண்ணீரில் ட்யூபை அமுக்கி, எங்கே முட்டை விடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காத்துப் புடிக்க வரல மச்சான். என்னய வைய வாங்க."

ட்யூபை அடுத்த பக்கம் திருப்பினேன்.

"தொட்டாச் சுருங்குதுன்னு தொடல. பாத்தாச் சுருங்குதுன்னு கண்ண மூடிக்கிட்டுப் பால் விட்டேன். இப்ப வீட்டுல படுத்துக்கிட்டு நெனச்சாலே சுருங்குது. நெனப்ப நான் எங்கிட்டுக் கொண்டுபோய் வைக்க?"

சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அதைத் திறந்து என் பக்கம் நீட்டினான். பஞ்சுக்கு நடுவில் புளியங்கொட்டை அளவில் அது நின்றது. புள்ளிகூடத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் முதுகை வளைத்து, வாயைத் திறந்து சீறியது. சத்தம் வரவில்லை. சமாதானம் பிடித்து ஆட்டிய அந்த ஊரிலேயே என்னைப் பார்த்துப் பல்லிளிக்காமல் சீறிய உயிர் அது ஒன்றுதான். எனக்கு அதைப் பிடித்துவிடும்போல் இருந்தது. பிடித்தால் அங்கேயே மறைந்துபோகும் என்று பயந்து நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பொட்டிய மூடு," என்றேன். அத்தனை வருஷத்துக்குப் பிறகு நான் அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அடுத்த நாள் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு பண்ணைக்குப் போனேன். ஊர் முழுக்க வந்திருந்தது. யாருக்காவது பாசம் வந்துவிடக் கூடாது என்று டாக்டரம்மா எல்லாரையும் கூண்டுக்கு முதுகு காட்டி உட்காரவைத்திருந்தார், அத்தனை சனமும் மலையைப் பார்த்துக்கொண்டு கோயில் பந்தி மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தது. கூண்டுக்குள் சிமெண்டுத் தரையில் தீப்பெட்டி திறந்து கிடந்தது. தவசி அதற்கு முதுகைக் காட்டி, எனக்கு முகத்தைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். நின்றுகொண்டிருந்த எனக்கு அவன் தலைக்கு மேலாகக் குட்டி தெரிந்தது.

"தவசி, நான் அன்னைக்கு வந்தேனா, வரலயா?"

"வந்தீக மச்சான்."

"எப்புடி வந்தேன்?"

"நடந்து வந்தீக."

"பஸ்ஸு மல வளவுல அச்சு முறிஞ்சு நின்னுபோச்சு. கெடாயத் தோள்ல போட்டுக்கிட்டு, சீர்த்தட்டத் தலையில வச்சுக்கிட்டு, பட்டுப்பாவாட வேர்வையில நனஞ்சிரும்னு சட்டயக் கழட்டி அதுமேல சுத்திக்கிட்டு, வெத்து ஒடம்போட வெயில்ல வந்தேன். வந்து பந்தக்காலத் தொடுறேன், புள்ள அழுகுற சத்தம் கேக்குது. தாய்மாமன் நான் இங்க நிக்கிறேன், அங்க எவன் மடியில ஒக்காந்து அழுகுது?"

"அப்ப எனக்கு வேல குடுத்த காண்ட்ராக்டர் மடியில."

"ஏன்?"

"நல்ல நேரம் போயிருச்சு மச்சான். ஆசாரி வேற அவசரப்பட்டாரு."

"நேரம் என்ன ஒன் பொண்டாட்டிக்கு அண்ணனா?"

முதுகு காட்டி உட்கார்ந்திருந்த கூட்டத்தில் யாரோ அப்படிக் கேளு என்றார்கள். புளியங்கொட்டை சுண்டைக்காயாகி, சுண்டைக்காய் எலுமிச்சையாகி, தீப்பெட்டியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. எனக்கு அடைப்பு எடுத்த மாதிரி வார்த்தை வந்தது. என் சீர்த்தட்டை எங்கே வைத்தாய் என்று கேட்டேன், செருப்பு கிடந்த பக்கம் என்றான். என் கிடாய்க்குத் தண்ணீர் காட்டினாயா என்று கேட்டேன், இல்லை என்றான். மாலையை யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன், காண்ட்ராக்டருக்கு என்றான். கேள்விக்குக் கேள்வி குட்டி ஏறிக்கொண்டே வந்தது, முதுகில் துருப் புள்ளி ஒவ்வொன்றாகப் பூத்தது.

"கடைசியில என்னயப் பாத்து என்ன சொன்ன?"

"சாப்புட்டுப் போங்கன்னு சொன்னேன்."

"வாங்க மச்சான்னு சொல்லல. சாப்புட்டுப் போங்க. பந்திக்கு வந்தவனுக்குச் சொல்ற மாதிரி. நேரம் போயிருச்சுன்னா நான் நடந்து வந்த காலப் பாத்து ஒன்னய நீயே ஏசிக்கிட்டு இருந்திருக்கணும், என் கையப் புடிச்சு அழுதிருக்கணும். நீ சாப்புட்டுப் போங்கன்ன."

குட்டி அணில் அளவுக்கு வந்து, உட்கார்ந்து, நாக்கால் பாதத்தை நக்கியது. நான் அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அடுத்தது இல்லை. செருப்பைப் பற்றி மறுபடி கேட்டேன், கிடாயைப் பற்றி மறுபடி கேட்டேன், குட்டி அசையவில்லை. ஆயுசுக்கும் போதும் என்று நான் சேர்த்து வைத்திருந்தது அரைப் பொழுதுக்குக்கூட வரவில்லை. அதுதான் எனக்கு அன்று பெரிய அவமானம்.

"இன்னும் பாதி வளரணும்யா," என்றார் டாக்டரம்மா மெதுவாக.

"இல்லம்மா. தீந்துபோச்சு."

தவசி வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டான். அவன் அழுகிறான் என்று தெரிந்ததுமே குட்டி ஒரு விரற்கடை இறங்கியது.

அப்போது பந்தி மாதிரி உட்கார்ந்திருந்த கூட்டத்தின் கடைசியில் ஒருத்தி எழுந்து, சேலையை உதறிக்கொண்டு திரும்பினாள். பஞ்சவர்ணம். ஊரில் எல்லாரும் வேலிக்கு வந்தபோதும் அவள் வந்ததில்லை, உன்னிடம் ஏதாவது இருக்கிறதா என்று அவளை யாரும் கேட்கவும் இல்லை. எனக்கும் அது தோன்றியதில்லை.

"முடிஞ்சுதா ரெண்டு பேருக்கும்?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

"மடி மடின்னு பேசுறீக. பெத்த மடி ஒண்ணு அங்கதான நின்னுச்சு, அத ஒரு ஆளு திரும்பிப் பாத்தீகளா? அண்ணே, நீ கோவிச்சுக்கிட்டது இவரோட. எனக்கு ஏன் பொங்கச்சீர் வரல? தண்ணிக் கொடத்தத் தூக்கிக்கிட்டு ஒன் கடையத் தாண்டிப் போவேன், நீ தொட்டிக்குள்ள மூஞ்சிய விட்டுக்கிருவ. அம்மா செத்தன்னைக்கு ஒரே பாயில தலைமாட்டுல நீ, கால்மாட்டுல நான். எனக்கு அம்மாவும் போச்சு, அழுகக் கட்டிக்கிற அண்ணனும் இல்ல. ஏங்க, நீங்க அன்னைக்குச் சாயங்காலமே போய் வாங்க மச்சான்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா முடிஞ்சுபோயிருக்கும். அடுத்த ஊர் வரைக்கும் வண்டிய உருட்டத் தெம்பு இருந்துச்சு, எதுத்த கடைக்குப் போகத் தெம்பு இல்ல. எம்புள்ள மாமன் வீட்டு வாசப்படிய மிதிக்காமலே கல்யாணமாகிப் போயிருச்சு. ஒங்க ரெண்டு பேரு ரோசத்துக்கும் இத்தன வருசமா நாந்தான சோறு பொங்கிப் போட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கூண்டு அதிர்ந்தது. முழுப் பூனையாக, நெற்றிக்கோடு பளிச்சென்று, வால் பருத்து, அது ஒரே தாவலில் கம்பிவலையின் உச்சிக்குப் போய்த் தொற்றிக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சீறியது. இந்தத் தடவை சத்தம் வந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லப்பட்ட ஊர் அந்தச் சத்தத்தைக் கேட்டு, திரும்பாமலே கைதட்டியது.

மறுநாள் பெட்டியில் வைத்து மலைக்கு மேலே ஓடைப் பாறைக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா கதவைத் தூக்கினார். அது வெளியே வந்து, என்னை ஒரு தடவை பார்த்தது, தவசியை ஒரு தடவை பார்த்தது, அதன் பிறகு புல்லுக்குள் போய்விட்டது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை, எங்கள் குடும்பத்துப் பார்வை. அன்று சாயங்காலம் மழை பிடித்தது.

தவசியின் வண்டிக்கு இப்போது நான்தான் பஞ்சர் ஒட்டுகிறேன். சேர்ந்து உட்கார்ந்தால் பேச எங்களுக்கு அதிகமில்லை, மழையைப் பற்றிப் பேசுவோம். காலையில் எழுந்திருக்கத் தெம்பு எங்கேயிருந்து வருமோ என்று பயந்தேன், அது பாட்டுக்கு வருகிறது.

மழை விட்ட வாரம் தவசி வீட்டுச் சேவல் காணாமல் போயிற்று. அடுத்த வாரம் என் வீட்டில் ஒரு பெட்டை. அதற்கடுத்து மறுபடி அவன் வீட்டில். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற மாயக்காள் வீட்டுக் கோழிகள் கூண்டே இல்லாமல் முருங்கை மரத்தில் அடைகின்றன, அவற்றில் ஒரு இறகுகூட உதிரவில்லை. ஈர மண்ணில் ஒரு ரூபாய்க் காசளவுக் காலடி இருந்தது. நான் அதைக் காலால் அழித்துவிட்டேன்.

"நாயா இருக்குமோ மச்சான்?" என்றான் தவசி, கடையில் வந்து உட்கார்ந்து.

"நாய்தான்."

"நானும் டாக்டரம்மாகிட்ட நாயின்னுதான் சொல்லிருக்கேன்." பூனை ஊருக்குள் வருகிறது என்று தெரிந்தால் பிடித்துக் கூண்டில் போட்டுவிடுவார்கள், அது எங்கள் இருவருக்கும் தெரியும். சந்தையில் ஆளுக்கு இரண்டு கோழி வாங்கி வந்தோம்.

நேற்று இருட்டுகிற நேரத்தில் பஞ்சவர்ணம் குழம்புக் கிண்ணத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். கிண்ணத்தை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுத் திரும்பும்போது முற்றத்தைப் பார்த்தாள். கோழிகள் அடைந்திருந்தன, கூண்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது.

"கூட்டச் சாத்தலயாண்ணே?"

"மறந்துட்டேன்," என்றேன்.

அவள் கதவைச் சாத்தப் போகவில்லை. தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு வாசலில் இறங்கினாள்.

"எங்க வீட்டுலயும் அவரு மறந்துட்டாரு," என்றாள்.